பதநீர்க் காலத்தில் ஒரு கார்ப் பயணம்: தூத்துக்குடிக் கடலோரத்திலிருந்து ஆரியங்காவு மலை வரை

பஞ்சாங்கக் கணக்கில் இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். அந்தக் கணக்கை நம்பித் தென்கோடிக்குக் காரை எடுத்தால் தார்ச்சாலையில் அப்பளம் பொரித்துக்கொண்டே போகலாம். இந்தப் பக்கத்தில் வசந்தம் கொஞ்சம் முந்திக்கொள்ளும். மார்ச் மாதத்தின் முதல் மூன்று வாரங்கள்தான் சரியான நேரம். தேரிக்காட்டில் பதநீர் இறங்கத் தொடங்கியிருக்கும். நாகர்கோவிலைச் சுற்றிய நாஞ்சில் நாட்டில் கும்பப்பூ நெல் அறுவடை நடக்கும். குமரி மாவட்டத்துக் குலசேகரத்தை ஒட்டிய ரப்பர் தோட்டங்களில் செம்பு நிறத்தில் இளந்தளிர் விட்டிருக்கும். பள்ளிகளில் தேர்வு நடப்பதால் விடுதிகளில் இடமும் கிடைக்கும், பேரமும் படியும்.

கார் ஓட்டக் கற்று ஓராண்டு ஆகியும் ஊரைத் தாண்டி ஓட்டாதவர்களை நினைத்து இதை எழுதுகிறேன். தூத்துக்குடியில் தொடங்கி, கடலோரமாகக் கன்னியாகுமரி, அங்கிருந்து மலையடிவாரமாகத் தென்காசி, கடைசியாக ஆரியங்காவுக் கணவாய். மொத்தம் ஏறக்குறைய 500 கிலோமீட்டர். இதை இரண்டு நாளில் முடித்துவிட்டதாகப் பெருமை பேசுகிறவர்கள் உண்டு. நான் ஐந்து நாள் சொல்கிறேன்.

கிளம்புவதற்கு முன்

முதலில் நாள் பாருங்கள். நல்ல நாள் பார்ப்பதைச் சொல்லவில்லை, கூட்ட நாள் பார்ப்பதைச் சொல்கிறேன். திருச்செந்தூரில் மாசித் திருவிழா பன்னிரண்டு நாள் நடக்கும். மண்டைக்காட்டில் பகவதி அம்மன் கோயில் மாசிக்கொடை பத்து நாள். இரண்டும் பிப்ரவரி, மார்ச்சில்தான் வரும். பங்குனி உத்திரத்தன்றோ நெல்லை, தூத்துக்குடி மாவட்டத்துக் குடும்பங்கள் எல்லாம் வேன் பிடித்துத் தங்கள் குலதெய்வ சாஸ்தா கோயிலுக்குப் போய்விடும். அன்று காட்டுப் பாதையில்கூட வண்டிகள் வரிசையில் நிற்கும். இந்த மூன்றையும் நாட்காட்டியில் வட்டமிட்டு ஒதுக்கிவிட்டு, மீதியிருக்கும் நாட்களில் திங்கட்கிழமையைத் தவிர்த்துக் குமரி மாவட்டத்தில் இருக்கும்படி திட்டமிடுங்கள். பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கள் விடுமுறை.

அடுத்தது கார். சென்னையிலிருந்து வருகிறவர்கள் முத்துநகர் எக்ஸ்பிரசில் ஏறினால் காலையில் தூத்துக்குடியில் இறங்கலாம். காரை வாடகைக்கு எடுப்பதென்றால் கருப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து உள்ள வண்டியாகப் பாருங்கள். நாமே ஓட்டுவதற்கு வாடகைக்கு விட அனுமதி பெற்ற வண்டிக்கு அதுதான் அடையாளம். தெரிந்தவரின் தெரிந்தவர் வெள்ளைப் பலகை வண்டியைக் குறைந்த வாடகைக்குத் தருவதாகச் சொன்னால் நன்றி சொல்லி நகர்ந்துவிடுங்கள். விபத்து நடந்தால் காப்பீடு கைவிரித்துவிடும்.

வண்டியை வாங்கும்போது சுற்றி நடந்து ஒரு வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியை அமுக்கிப் பாருங்கள், ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஸ்டெப்னியில் காற்று இல்லை என்பது எப்போதும் பஞ்சரான பிறகுதான் தெரியவரும்.

மலையில் ஓட்டிப் பழக்கமில்லாதவர் ஊரிலேயே ஒன்றைப் பழகிக்கொள்ள வேண்டும். ஆள் நடமாட்டமில்லாத கண்மாய்க் கரை ஏற்றம் ஒன்றில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கிளட்ச் கடிக்கும் இடம் வரை விட்டு, பின்னால் உருளாமல் கிளப்பிப் பாருங்கள். இருபது முறை செய்தால் கால் தானாகக் கற்றுக்கொள்ளும். ஆட்டோமேட்டிக் கார்க்காரர்கள் இந்தப் பத்தியைப் பார்த்துச் சிரிக்கலாம். அவர்களுக்கான பத்தி பின்னால் வருகிறது.

முதல் நாள்: தூத்துக்குடி முதல் கன்னியாகுமரி வரை

தூரம் 130 கிலோமீட்டருக்குச் சற்று மேல். தேசிய நெடுஞ்சாலையில் போனால் கடல் கண்ணில் படாது. திருச்செந்தூர் வழியாகக் கடலோரச் சாலையைப் பிடியுங்கள். ஊர்களுக்கு நடுவே செல்லும் குறுகலான சாலை அது. வேகத்தடைகள் வெள்ளைக் கோடு அழிந்து கிடக்கும், கோழியும் குழந்தையும் குறுக்கே வரும். ஐம்பதுக்கு மேல் போக வேண்டாம். பெட்ரோல், டீசலைத் திருச்செந்தூரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

தூத்துக்குடியில் மக்ரூன் வாங்கினால் அதைக் காரின் பின்கண்ணாடி ஓரம் வைக்காதீர்கள். முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி, இவ்வளவுதான் அதில் இருப்பவை. வெயிலில் பிசுபிசுத்துப் பல்லில் ஒட்டும்.

திருச்செந்தூருக்கு முன்னால் மேற்கே திரும்பினால் காயாமொழிப் பக்கம் தேரிக்காடு. குங்குமத்தில் கொஞ்சம் செங்கல்பொடி கலந்தது போன்ற மணல், மேடு மேடாக. நடுவே அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலும் அதன் சுனையும். கோயில் வரை தார்ச்சாலை உண்டு. அந்தத் தாரைவிட்டு ஒரு சக்கரம்கூட இறங்கக் கூடாது. இறங்கியவன் சொல்கிறேன். படம் எடுக்கும் ஆசையில் சாலையோரம் ஒதுக்கினேன். முன்சக்கரம் அரையடி புதைந்தது. பதறிப்போய் ஆக்சிலரேட்டரை மிதித்தேன், முக்கால் அடி ஆனது. பனையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, மிதிக்க மிதிக்கப் புதையும்" என்றார். டயரில் பாதிக் காற்றை இறக்கச் சொன்னார். சக்கரத்தின் முன்னே மணலைக் கையால் வாரிவிட்டு, காய்ந்த பனையோலை நான்கைக் கொண்டுவந்து அடியில் செருகினார். இரண்டாவது கியரில் மெதுவாகக் கிளட்சை விட்டதும் கார் ஓலை முறியும் சத்தத்துடன் ஏறி வந்துவிட்டது. பணம் கொடுத்ததை வாங்கவில்லை. பதநீர் குடித்துவிட்டு அதற்கு மட்டும் காசு கொடுத்தால் போதும் என்றார். காற்றிறங்கிய டயரோடு வேகமாக ஓட்டக் கூடாது என்பதால் உடன்குடிவரை ஊர்ந்து போய்க் காற்று அடித்துக்கொண்டேன்.

பதநீரைப் பற்றிப் புதியவர்களுக்கு ஒரு விளக்கம். பனம்பாளையைச் சீவிக் கட்டும் கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவியிருப்பார்கள். அதனால்தான் சாறு புளிக்காமல் பதநீராக நிற்கிறது. தடவாமல் விட்டால் கள். காலையில் குடிப்பதே நல்லது. வெயில் ஏறிய பிறகு மணமும் குளிர்ச்சியும் குறைந்துவிடும். ஓலையை மடித்துக் கட்டிய பட்டையில் ஊற்றித் தருவார்கள். இரண்டு கையாலும் பிடித்து உதட்டில் வைத்துச் சாய்க்க வேண்டும். முதல்முறை சட்டையில் கொட்டாமல் குடித்தவரை நான் பார்த்ததில்லை. குமரி மாவட்டத்துக்குள் போனதும் இதன் பெயர் அக்கானி ஆகிவிடும்.

இதே பதநீரைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றி எடுப்பதுதான் கருப்பட்டி. உடன்குடிக் கருப்பட்டி புவிசார் குறியீடு பெற்றது. வாங்கும்போது ஒன்றை உடைக்கச் சொல்லுங்கள். உடைந்த பக்கம் சர்க்கரைப் பரல் போல மினுமினுத்தால் அடுத்த கடைக்குப் போய்விடலாம்.

குலசேகரப்பட்டினத்தை ஓட்டிக்கொண்டே பார்த்தால் போதும். தசராவுக்குப் பெயர்பெற்ற முத்தாரம்மன் ஊர் இது. இங்குதான் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அதற்குச் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மணப்பாட்டில் கட்டாயம் இறங்க வேண்டும். கடலுக்குள் நீண்ட மணற்குன்று, அதன் உச்சியில் திருச்சிலுவைக் கோயில், கீழே புனித சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகை. 1542இல் அவர் இந்தக் கரைக்கு வந்தார். குன்றின் ஒரு பக்கம் அலையடிக்கும், மறுபக்கம் உப்பங்கழி கண்ணாடி போலக் கிடக்கும். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே இங்கே வந்துவிடுங்கள். மணல் சுட ஆரம்பித்தால் செருப்பும் உதவாது.

உவரி, கூடங்குளம் வழியாக மாலை நான்கு மணிக்குள் கன்னியாகுமரி சேர்ந்துவிடலாம். நான்கு மணி என்பதைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். புதிய ஊரில் இருட்டில் விடுதி தேடுவதும், எதிர்வெளிச்சத்தில் கண்கூச ஓட்டுவதும் பயணத்தின் மற்ற எல்லாச் சுகத்தையும் தின்றுவிடும்.

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும்: குமரி

சூரிய உதயத்துக்காகக் கடல் பார்த்த அறை வேண்டும் என்று கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். பல விடுதிகளில் மொட்டை மாடிக்கு விடுவார்கள். மார்ச்சில் ஆறு மணிக்கு எழுந்தால் போதும்.

விவேகானந்தர் பாறைக்கும் 133 அடி வள்ளுவர் சிலைக்கும் நடுவே 2024 டிசம்பர் இறுதியில் 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் திறந்தார்கள். அப்போதிலிருந்து படகு வரிசை இன்னும் நீண்டுவிட்டது. வார நாளில், முதல் படகுக்கு டிக்கெட் கொடுக்கும் முன்பே வரிசையில் நின்றுவிடுங்கள். கடல் கொந்தளித்தால் படகை நிறுத்திவிடுவார்கள். அப்படியானால் வருத்தப்படாமல் வட்டக்கோட்டைக்குக் காரைத் திருப்புங்கள். கூட்டமில்லாத, கடலுக்குள் மூக்கை நீட்டிய கற்கோட்டை. அதன் மதிலில் நின்றால் ஒரு கண்ணில் கடலும் மறுகண்ணில் மலையும்.

கடலில் இறங்குவது பற்றி ஓர் எச்சரிக்கை. இந்தக் கரையில் கள்ளக்கடல் என்று ஒன்று உண்டு. உள்ளூரில் காற்றும் மழையும் இல்லாத தெளிவான நாளில், எங்கோ தொலைதூரப் பெருங்கடலில் எழுந்த அலைகள் திருடன் மாதிரி வந்து கரையில் ஏறும். கோடை தொடங்கும் மாதங்களில் இது அதிகம். 2024 மே மாதம் கணபதிபுரத்தை ஒட்டிய கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேர் இப்படித்தான் இறந்தார்கள். மீனவர்கள் படகை மேட்டுக்கு ஏற்றிவைத்திருக்கும் நாளில் நீங்கள் கணுக்கால்கூட நனைக்க வேண்டாம். சந்தேகமிருந்தால் அவர்களிடமே கேளுங்கள்.

நாகர்கோவில் சாலையில் பொற்றையடி அருகே மருந்துவாழ்மலை. அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிப்போகையில் சிந்திய துண்டு என்பார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் வால் முனை என்றும் சொல்லலாம். காலை ஏழு மணிக்குள் ஏறத் தொடங்கினால் உச்சியிலிருந்து தென்னந்தோப்புகளும் உப்பளமும் கடலும் ஒரே பாயாக விரிந்திருப்பதைப் பார்க்கலாம். குடிக்கத் தண்ணீரைக் கையோடு எடுத்துப்போங்கள். தின்பண்டம் வேண்டாம், குரங்குகள் பையை மோப்பம் பிடித்துவிடும்.

கும்பப்பூ அறுவடைக் காலத்தில் கிராமச் சாலைகளில் வைக்கோலும் நெல்லும் காயும். வைக்கோல் மேல் பிரேக் போட்டால் டயர் வழுக்கும். அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து நேராகக் கடந்துவிடுங்கள். குவியலாகக் கிடந்தால் சுற்றிப் போங்கள், சூடான வண்டியின் அடியில் வைக்கோல் சிக்குவது ஆபத்து.

முட்டத்துக்கு மாலையில் போங்கள். கலங்கரை விளக்கம், கருஞ்சிவப்புப் பாறைகள், கீழே அலை. பாறை விளிம்பில் செல்பி எடுக்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்கும். பாசி படிந்த பாறையில் யாருக்கும் கால் நிற்காது.

அடுத்த நாள் தக்கலைப் பக்கம். பத்மநாபபுரம் அரண்மனை 1956இல் குமரி தமிழ்நாட்டோடு இணைந்த பிறகும் கேரள அரசின் பொறுப்பில்தான் இருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அது நல்லதற்குத்தான், அந்தக் கருந்தரையின் குளுமை வெறுங்காலுக்குத்தான் தெரியும். நண்பகலில் ஒரு மணி நேரம் பூட்டிவிடுவார்கள் என்பதால் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து மாத்தூர்த் தொட்டிப்பாலம். பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் கால்வாய்த் தண்ணீரைத் தூக்கிச் செல்ல அறுபதுகளில் கட்டியது. உயரத்தில் தலைசுற்றுபவர்கள் மேலே நடக்காமல் கீழிருந்தே பார்க்கலாம், தூண்களின் பிரம்மாண்டம் அங்கிருந்துதான் புரியும்.

இந்தப் பகுதிக்கு வந்ததே தேனுக்காகத்தான் என்று நான் வெளிப்படையாகச் சொல்லிவிடுவேன். மார்த்தாண்டம் தேனின் பெரும்பகுதி பூவிலிருந்து வருவதில்லை என்பது பலருக்குத் தெரியாது. இலையுதிர்த்த ரப்பர் மரம் மாசி, பங்குனியில் தளிர்க்கும்போது இலைக்காம்பின் நுனியில் உள்ள சிறு சுரப்பிகள் இனிப்புத் துளியைக் கசியவிடும். தேனீக்கள் அதைத்தான் எடுக்கின்றன. தோட்டத்து ஓரம் காரை நிறுத்தி எஞ்சினை அணைத்தால் தலைக்கு மேலே காடே ரீங்கரிப்பது கேட்கும். தாழ்ந்த கிளையில் ஒரு தளிரைத் திருப்பி, மூன்று இலைகளும் சேரும் இடத்தை உற்றுப் பாருங்கள். குண்டூசித் தலை அளவில் ஈரம் மினுங்கும். தோட்டங்களுக்கு நடுவே தேனீப் பெட்டிகள் வரிசையாக இருக்கும், அவற்றைத் தொட வேண்டாம். தேனைக் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிக்கொள்ளலாம்.

சாப்பாடு: மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் மதியத்துக்கு. மட்டி வாழைப்பழம் எப்போது கிடைத்தாலும்.

நான்காம் நாள்: மலையடிவாரமாகத் தென்காசிக்கு

ஏறக்குறைய 130 கிலோமீட்டர். நாகர்கோவிலிலிருந்து ஆறு மணிக்கே கிளம்புங்கள், தோவாளைப் பூச்சந்தைக்காக. விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும் சந்தை அது. பிச்சியும் அரளியும் ரோஜாவும் ஈரச்சாக்கில் கொட்டிக் கிடக்க, இதழை மடித்துக் கட்டும் மாணிக்கமாலையையும் இங்கே பார்க்கலாம். காரை நெடுஞ்சாலை ஓரம் நிறுத்தாமல் உள்ளே தள்ளி நிறுத்துங்கள்.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் மார்ச்சில் சோம்பலாகச் சுற்றும். வைகாசிக்குப் பிறகு வந்தால் அதே காற்று காரைப் பக்கவாட்டில் தள்ளும். நான்குவழிச் சாலையில் பயப்பட வேண்டியது வேகத்துக்கல்ல, எதிர்த்திசையில் ஓரமாக வரும் பைக்குகளுக்கு.

வள்ளியூரில் நெடுஞ்சாலையை விட்டுவிடுங்கள். ஏர்வாடி, திருக்குறுங்குடி, களக்காடு வழியாக அம்பாசமுத்திரம். இடப்பக்கம் முழுக்க மலை கூடவே வரும், வலப்பக்கம் வாழைத்தோட்டமும் குளமும். திருக்குறுங்குடி நம்பி கோயிலின் சிற்பத் தூண்களுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பாபநாசத்தில் தாமிரபரணியில் குளிக்கலாம். குளித்த துணியை ஆற்றில் விடும் பழக்கம் இருக்கிறது. அந்தத் துணிகள் பாறையிடுக்கில் சிக்கி வருகிறவர்களின் காலைச் சுற்றுகின்றன, நீங்களாவது வீட்டுக்குக் கொண்டுபோங்கள். மேலே அகத்தியர் அருவிக்குப் போக வனத்துறைச் சோதனைச் சாவடியைத் தாண்ட வேண்டும். பிளாஸ்டிக்கைத் தேடுவார்கள், மாலைக்கு முன் திருப்பி அனுப்புவார்கள். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறோம் என்பதை மறக்காமல் ஹாரனையும் பாட்டையும் அடக்கிவிடுங்கள்.

குற்றாலம் பற்றிக் கேட்பீர்கள். சீசன் ஆனியிலிருந்துதான். பங்குனியில் பாறையைப் பார்த்துவிட்டு வரலாம்.

ஐந்தாம் நாள்: கணவாய்

தென்காசியிலிருந்து செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு, கழுதுருட்டி வரை போய்த் திரும்புவது. தூரம் குறைவு, வேலை அதிகம். கேரளத்துக்குச் செல்லும் கனரக லாரிகள் இந்த வழியில் நிறைய. காலை ஏழு மணிக்கு ஏறிவிடுங்கள். வாந்தி வருகிறவர்கள் உடன் இருந்தால் வெறும் இட்லியோடு கிளம்புங்கள். பிரானூர் பார்டர் பரோட்டா இறங்கி வந்த பிறகு.

ஏறும்போது வண்டி திணறுவதற்கு முன்பே கியரைக் குறையுங்கள். திணறிய பிறகு மாற்றினால் வளைவின் நடுவில் நின்றுவிடும். ஏறுகிற வண்டிக்கே முன்னுரிமை, இறங்குகிறவர் ஒதுங்க வேண்டும். லாரிக்காரர் வலது இண்டிகேட்டர் போட்டால் "முந்திக்கொள்" என்றும் பொருள், "நான் திரும்பப் போகிறேன்" என்றும் பொருள். உங்கள் கண்ணுக்குச் சாலை தெரியாதவரை இரண்டாவது பொருளையே எடுத்துக்கொள்ளுங்கள். வளைவுக்கு முன் ஒரு சிறிய ஹாரன். வளைவில் எக்காரணத்துக்கும் நிறுத்தாதீர்கள்.

இறங்குவதுதான் கடினம். முதல்முறை நான் புளியரை எஸ் வளைவில் பிரேக் மேலேயே காலை வைத்து இறங்கினேன். கீழே வந்தபோது ரப்பர் கருகிய நாற்றம், பிரேக்கை அழுத்தினால் பஞ்சுமூட்டையை மிதித்தது போல இருந்தது. டீக்கடை ஓரம் அரைமணி நேரம் நிறுத்தி ஆறவைத்தேன். சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்றப் போனவனைக் கடைக்கார அம்மா தடுத்தார், ஊற்றினால் டிஸ்க் கோணிவிடும் என்றார். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். பிரேக்கை அவ்வப்போது அழுத்தி விட்டுவிட வேண்டும். நியூட்ரலில் உருட்டி எரிபொருள் மிச்சம் பிடிப்பது உயிரோடு விளையாடுவது. ஆட்டோமேட்டிக் கார்க்காரர்களே, உங்கள் பத்தி இதுதான்: டி-யில் விட்டுவிட்டு இறங்காதீர்கள். எல் அல்லது மேனுவல் முறைக்கு மாற்றத் தெரியவில்லையென்றால் கையேட்டை முந்தின இரவே படியுங்கள்.

கழுதுருட்டியில் சாலையை ஒட்டியே பதின்மூன்று கண் ரயில் பாலம். 1904இல் திறந்த கொல்லம் – செங்கோட்டைப் பாதையில் உள்ளது. தண்டவாளத்தை அகலமாக்கிய பிறகும் பழைய கருங்கல் தூண்களே ரயிலைத் தாங்குகின்றன. காரை அகலமான இடத்தில் நிறுத்திவிட்டு, ரயில் நேரத்தைப் பார்த்து, ஒரு கட்டன் சாயாவோடு காத்திருங்கள். பிறகு திரும்பலாம்.

வழியில் ஏதாவது ஆனால் 112, ஆம்புலன்சுக்கு 108, தேசிய நெடுஞ்சாலையில் 1033. மலைக்குள் சில வளைவுகளில் சிக்னல் இருக்காது, வரைபடத்தை முன்பே போனில் இறக்கிவைத்துக்கொள்ளுங்கள்.

ஊர் திரும்பியதும் வாட்டர் சர்வீசில் காரின் அடிப்பக்கத்தையும் கழுவச் சொல்லுங்கள். மூன்று நாள் உப்புக்காற்று இரும்பில் உட்கார்ந்திருக்கும். மிதியடிகளைத் தனியாக எடுத்து உதறிவிடுங்கள். நான் இரண்டு முறை உதறினேன். மூன்று மாதம் கழித்து மழைக்கு நனைந்த காலோடு ஏறியபோது மிதியடியில் மறுபடி செந்தடம் விழுந்தது, தேரி மணல் இன்னும் அங்கேதான் இருந்தது.